கருப்பை அறுவையும் எலும்பின் நலமும்: கோலார் தங்கவயல் கற்பிக்கும் பாடம்

சில நோய்கள் அவற்றின் காரணம் நிகழ்ந்த சில நாட்களிலேயே வெளிப்படுகின்றன. வேறு சில நோய்கள் காரணம் மறைந்து, மறக்கப்பட்டு, பல ஆண்டுகள் சென்ற பின்னரே தலைகாட்டுகின்றன. இரண்டாம் வகை நோய்களை ஒரு சமுதாயம் கண்டுகொள்வது எளிதன்று. நோயையும் அதன் காரணத்தையும் இணைத்துக் காட்டும் பதிவேடு இருந்தாலன்றி அவை நோய் என்றே ஏற்கப்படுவதில்லை. முதுமை என்றும் விதி என்றும் ஒதுக்கப்படுகின்றன. கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் இவ்வுண்மையை நாட்டுக்கு உணர்த்திய ஊராகும்.

தங்கப் பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிகாத் தூசு, தொழிலாளியின் நுரையீரலில் படிந்து பல ஆண்டுகளுக்குப் பின் மூச்சிறைப்பாக வெளிப்படும். நெடுங்காலம் இது காசம் என்றும் இளைப்பு என்றும் கருதப்பட்டு வந்தது. 1940 முதல் 1946 வரை தங்கவயல் சுரங்கங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் நோய் இருப்பது தெரிய வந்தது. இந்தியாவில் இந்நோய் பற்றி வெளியான முதல் விரிவான அறிக்கை இதுவே. எக்ஸ்ரே படத்தையும் பணிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் விளைந்த அறிவு அது. பின்னர் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் சிலிகோசிஸ் அறிவிக்கத்தக்க நோயாயிற்று. மருத்துவப் பரிசோதனையும் இழப்பீடும் முறைப்படுத்தப்பட்டன.

சுரங்கத்தில் இறங்கிய ஆண்களின் நுரையீரலுக்குக் கிடைத்த இந்தக் கவனம், பெண்களின் எலும்புக்கு நம் நாட்டில் எங்கும் கிடைக்கவில்லை. கருப்பையோ சினைப்பைகளோ அறுவை சிகிச்சையால் அகற்றப்பட்ட பெண், பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் முதுகு கூனி, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வரும்போது, அன்றைய அறுவைக்கும் இன்றைய முறிவுக்கும் தொடர்புண்டா என்று கேட்பவர் அரியர். கேட்டாலும் விடை கூறுவதற்கான ஏடு பெரும்பாலும் கிடைப்பதில்லை. இத்தொடர்பு எத்தகையது, அதைத் தடுப்பதற்குத் தனி மனிதரும் நிர்வாகமும் செய்ய வேண்டியவை எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எலும்பு எவ்வாறு தேய்கிறது?

எலும்பு ஓர் உயிரற்ற தூண் அன்று. அதில் ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. மற்றொரு வகை உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. இளமையில் கட்டுதல் மிகுதி. ஏறத்தாழ 30 வயதளவில் எலும்பின் திண்மை உச்சத்தை அடைகிறது. அதன் பின் வரவும் செலவும் சில ஆண்டுகள் சமமாக நின்று, பின்னர்ச் செலவு மெல்ல மிகுகிறது.

பெண்ணின் உடலில் இந்தச் செலவைக் கட்டுப்படுத்தி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கையையும் ஆயுளையும் அது அடக்கி வைக்கிறது. இதைப் பெருமளவு சுரப்பவை சினைப்பைகள். மாதவிடாய் இயற்கையாக நிற்கும் வயதில் சினைப்பைகளின் சுரப்பு குறைகிறது. அதைத் தொடர்ந்து வரும் முதல் சில ஆண்டுகளில் எலும்பு ஆண்டுக்கு 2 முதல் 3 சதவிகிதம் வரை குறையக்கூடும். முதுகெலும்பிலும் மணிக்கட்டிலும் உள்ள கடற்பஞ்சு போன்ற உள்ளெலும்பு முதலில் பாதிக்கப்படுகிறது. இடுப்பெலும்பு பின்னர் பாதிக்கப்படுகிறது. இந்நிலையே ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய்.

பொதுமக்கள் பேச்சில் முழங்கால் வலியையும் இதையும் சேர்த்து ‘எலும்புத் தேய்மானம்’ என்று கூறும் வழக்கம் உண்டு. இரண்டும் வெவ்வேறு நோய்கள். மூட்டுத் தேய்மானத்தில் மூட்டின் இடையிலுள்ள குருத்தெலும்பு தேய்கிறது. வலி முதலிலேயே தோன்றுகிறது. எலும்பு மெலிவிலோ எலும்பு முறியும் வரை வலியே இராது. வலியின்மையே இந்நோயின் பேரபாயம் எனலாம்.

எந்த அறுவை, எந்த விளைவு?

பெண்களுக்குச் செய்யப்படும் எல்லா அறுவைகளும் எலும்பைப் பாதிப்பவை அல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் இன்றியமையாதது.

முதலாவது, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. இதில் கருக்குழாய்கள் மட்டுமே துண்டிக்கப்படுகின்றன. சினைப்பைகளும் அவற்றின் சுரப்பும் இருந்தபடியே இருப்பதால் எலும்பு மெலிவுக்கு இது காரணமாவதில்லை.

இரண்டாவது, சினைப்பைகளை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் அகற்றுதல். இதில் ஈஸ்ட்ரோஜன் உடனே நின்றுவிடுவதில்லை. ஆனால் இவ்வறுவை செய்துகொண்ட பெண்களுக்குச் சினைப்பைகளின் ஓய்வு சற்று முன்னதாகவே வருகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்பெண்களுக்குச் சினைப்பை முன்கூட்டியே செயலிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். கருப்பை இல்லாததால் மாதவிடாய் நின்ற நாளை இவர்கள் அறிய வழியில்லை. எலும்பின் செலவு என்று தொடங்கிற்று என்பதைக் காட்டும் அடையாளமே அழிந்துவிடுகிறது.

மூன்றாவது, கருப்பையுடன் இரு சினைப்பைகளையும் அகற்றுதல். இதில் ஈஸ்ட்ரோஜன் சில நாட்களுக்குள் திடீரென வீழ்ந்துவிடுகிறது. இயற்கையில் பல ஆண்டுகளில் மெல்ல நடப்பது ஒரே நாளில் நடந்துவிடுவதால் எலும்பின் இழப்பும் விரைவானது. இந்தியப் பெண்களுக்கு இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46, 47 எனக் கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 35ஆம் வயதில் இரு சினைப்பைகளையும் இழக்கும் ஒரு பெண், பிற பெண்களைவிட 11 அல்லது 12 ஆண்டுகள் கூடுதலாக ஈஸ்ட்ரோஜனின் காப்பின்றி வாழ வேண்டியிருக்கிறது. ஒரு சினைப்பை மட்டும் அகற்றப்பட்டால், எஞ்சியது பெரும்பாலும் தேவையான அளவு சுரக்கும்.

இத்தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் ஃபுல்லர் ஆல்பிரைட் என்னும் மருத்துவர் 1941இல், எலும்பு மெலிவால் முதுகெலும்பு நசுங்கிய 65 வயதுக்குட்பட்ட நோயாளிகள் 42 பேரை ஆராய்ந்து, அவர்களுள் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்று காட்டினார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ராபர்ட் லிண்ட்சே தலைமையிலான குழுவினர், சினைப்பைகள் அகற்றப்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்டவர்களுக்கு எலும்பு இழப்பு தடுக்கப்பட்டதையும் கொடுக்கப்படாதவர்களுக்கு இழப்பு தொடர்ந்ததையும் 1976இல் வெளியிட்டனர். நோயின் காரணமும் தடுப்பு முறையும் அரை நூற்றாண்டாக அறியப்பட்டவை. அந்த அறிவு உரிய பெண்ணைச் சென்றடையவில்லை என்பதே குறை.

நாட்டின் நிலை

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 3.3 சதவிகிதத்தினருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருப்பதாகத் தெரிவிக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தில் இது 8 சதவிகிதத்துக்கும் அதிகம். தெலங்கானாவிலும் ஏறத்தாழ அதே நிலை. கோலார் மாவட்டம் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ளது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. அறுவைகளில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடைபெற்றவை. முந்திய சுற்றில் (2015-16) அறுவையின் இடைநிலை வயது 34 எனக் கணக்கிடப்பட்டது. மேலை நாடுகளில் இவ்வறுவை பெரும்பாலும் 40 வயதைக் கடந்த பின்னரே செய்யப்படுகிறது. 45 வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றிய இந்திய முதுமை ஆய்வின் முதல் சுற்றில் (2017-18), அவ்வயதுப் பெண்களில் சுமார் 11 சதவிகிதத்தினர் இவ்வறுவை செய்துகொண்டவர்கள் என்று தெரிய வந்தது. ஆய்வில் ஒரு பெண் தான் அறிந்ததை மட்டுமே கூற இயலும். தனக்குக் கருப்பை மட்டும் எடுக்கப்பட்டதா, சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா என்பதை அறியாத பெண்கள் பலர்.

இளவயதில் இவ்வறுவை மிகுவதற்கு மருத்துவக் காரணங்களுடன் பொருளாதாரக் காரணங்களும் உள்ளன. மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண் தொழிலாளர்களிடையே அரசு அமைத்த குழு 2019இல் ஆய்வு நடத்தியது. சுமார் 82,000 பெண்களுள் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர். வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிக்கும் முறையில், மாதவிடாயும் இரத்தப்போக்கும் கூலி இழப்பாக மாறுகின்றன. அறுவைக்குக் கடன் வாங்கினாலும் நாட்கூலி தவறாது என்று குடும்பம் கணக்கிடுகிறது. அக்கணக்கில் எலும்பின் செலவு சேர்க்கப்படுவதில்லை. கர்நாடகத்தில் கலபுரகி மாவட்டத்தின் லம்பாணி தாண்டாக்களிலும் இளவயதுப் பெண்களுக்குத் தேவையற்ற அறுவைகள் நடைபெற்றதாகப் புகார் எழுந்து விசாரணைகள் நடந்தன.

‘பிள்ளைகள் பிறந்தாயிற்று, இனிப் பை எதற்கு?’ என்னும் எண்ணமும், ‘விட்டு வைத்தால் புற்றுநோயாகிவிடும்’ என்னும் அச்சமும் இதற்குத் துணை செய்கின்றன. மிகையான இரத்தப்போக்குக்கு மாத்திரைகளும், ஹார்மோன் கலந்த கருத்தடை வளையமும், சிறிய சிகிச்சைகளும் உள்ளன. அவை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கிடைக்காதபோது அறுவையே முதல் சிகிச்சையாகிவிடுகிறது.

இப்பொருள் குறித்து 2013இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களை அது பணித்தது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைப்பதும், 40 வயதுக்குட்பட்டோருக்குச் செய்யப்படும் அறுவைகளைத் தணிக்கை செய்வதும் அந்நெறிகளுள் அடங்கும்.

இவற்றால் அறுவை தீது என்று பொருள்கொள்ளலாகாது. புற்றுநோய், பெரிய நார்க்கட்டிகள், மருந்துக்கு அடங்காத இரத்தப்போக்கு, கருப்பை இறக்கம் ஆகியவற்றில் இவ்வறுவை உயிரையும் வாழ்வின் நலத்தையும் காக்கிறது. தேவையான அறுவைக்குப் பின்னும் எலும்பைப் பேண வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

தங்கவயலின் இன்றைய சூழல்

1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் அங்கு மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை இறங்கித் தங்கம் வெட்டினர். சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962இல் மத்திய அரசின் நிர்வாகத்துக்கு வந்தன. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாக நடைபெற்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் நிறுவனம் மூடப்பட்டது.

மூடப்பட்டது தொழில் மட்டுமன்று. சாம்பியன் ரீஃபில் சுரங்க நிர்வாகம் நடத்திவந்த மருத்துவமனை, தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் பிறப்பு முதல் இறப்பு வரை மருத்துவம் அளித்தது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை ஒரே மருத்துவமனை அறிந்திருந்தது. அது நின்றபின் ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் நகரமும், 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருமே புகலிடமாயின. ஓரிடத்தில் அறுவை, வேறோரிடத்தில் தையல் பிரித்தல், மற்றோரிடத்தில் பிற்கால வலிக்கு மருந்து என்று மருத்துவ வரலாறு சிதறிப்போகும் சூழல் உருவாயிற்று.

வருவாய்க்கான வழியும் மாறியது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் ரயில்களில் ஆண்களும் பெண்களும் நாள்தோறும் பெருந்தொகையாக வேலைக்குச் செல்கின்றனர். தூய்மைப் பணி, ஆயத்த ஆடைத் தையல், கடைப் பணி, வீட்டுப் பணி ஆகியவற்றில் பெண்கள் ஈடுபடுகின்றனர். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்ணுக்கு, உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஏற்கத் துணைசெய்யும் வைட்டமின் டி சத்தை அளிக்கும் வெயில் படுவதேயில்லை. வெயில் மிகுந்த நாட்டில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதற்கு இத்தகைய வாழ்க்கை முறையும் ஒரு காரணமாகும்.

நீரும் கவனிக்கத்தக்கது. தங்கவயல் நகருக்குப் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி நெடுங்காலம் குடிநீர் அளித்தது. கோலார் மாவட்டத்தின் கிராமங்களோ ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பியுள்ளன. அந்நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைக் கடந்துள்ளது. மிகையான ஃபுளோரைடு எலும்பில் படிந்து அதைக் கடினமாக்குகிறது, ஆனால் வலுவாக்குவதில்லை. எலும்பின் திண்மையை அளக்கும் டெக்சா கருவி அத்தகைய எலும்பை நல்ல எலும்பு என்று காட்டிவிடக்கூடும். ஆதலின் இப்பகுதியில் அளவுக் கருவியின் எண்ணை மட்டும் நம்பாமல், பெண் அருந்தும் நீரையும் மருத்துவர் கேட்டறிதல் நலம்.

இவ்வளவு இடர்களுக்கிடையே ஒரு நற்பேறும் உண்டு. கால்சியம் செறிந்த தானியமாகிய கேழ்வரகு விளையும் மண் இது. பால் உற்பத்தியிலும் கோலார் மாவட்டம் பெயர் பெற்றது. எலும்புக்கு வேண்டிய பொருள் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை.

உணவும் உழைப்பும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் திருத்தி வெளியிட்ட அளவின்படி, பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பின் 1,200 மில்லிகிராம் தேவை. சினைப்பைகள் அகற்றப்பட்ட பெண், வயது எதுவாயினும், இரண்டாம் வகையைச் சேர்ந்தவராகவே கருதப்பட வேண்டும்.

100 கிராம் அரிசியில் உள்ள கால்சியம் சுமார் 10 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் உள்ளது ஏறத்தாழ 350 மில்லிகிராம். நாளில் இரு வேளையாக 150 கிராம் கேழ்வரகு மாவைக் களியாகவோ கூழாகவோ அடையாகவோ உண்டால் 500 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். 400 மில்லிலிட்டர் பாலோ தயிரோ மேலும் 480 மில்லிகிராம் வரை தரும். முருங்கைக் கீரை, கொள்ளு, எள், முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவை எஞ்சியதை நிறைவு செய்யும். கேழ்வரகிலுள்ள சில பொருள்கள் கால்சியத்தை உடல் ஏற்பதை ஓரளவு தடுக்கின்றன. தானியத்தை முளைகட்டி அரைப்பதால் இத்தடை குறைகிறது. உணவால் அளவை எட்ட இயலாதவர்களுக்கு மாத்திரை உதவும். உணவில் போதிய அளவு கிடைப்பவர் மிகையாக மாத்திரை உண்பதால் பயனில்லை.

முகமும் கைகளும் வெயிலில் படுமாறு நண்பகலையொட்டி அரை மணி நேரம் இருத்தல் வைட்டமின் டி பெற எளிய வழி. நாள்தோறும் பணிக்குச் செல்வோர் விடுமுறை நாட்களிலேனும் இதைச் செய்யலாம். குறைபாடு மிகுந்தவர்க்கு மருத்துவர் மருந்து தருவார். எலும்பு தன்மீது சுமத்தப்படும் எடைக்கேற்ப வலுப்பெறும் தன்மையுடையது. விரைந்து நடத்தல், படியேறுதல், அளவான சுமையுடன் பயிற்சி ஆகியவை அதைப் பேணுகின்றன. புகையிலையும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் விலக்கத்தக்கவை. மெலிந்த எலும்புடையவர் குனிந்து பெருஞ்சுமை தூக்குவது முதுகெலும்பை நசுக்கும். வழுக்கும் குளியலறை, வெளிச்சமில்லாத படி, கண்புரை ஆகியவை விழுவதற்குக் காரணமாவதால் அவற்றைச் சீர்செய்தலும் எலும்பு மருத்துவத்தின் ஒரு பகுதியே.

மருத்துவ முறைகள்

45 வயதுக்கு முன் இரு சினைப்பைகளையும் இழந்த பெண்ணுக்கு, இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையேனும் ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட முறை. மார்பகப் புற்றுநோய் போன்ற ஹார்மோன் சார்ந்த நோய் உள்ளவர்களுக்கும், இரத்தக்கட்டு கண்டவர்களுக்கும் இது பொருந்தாது.

அமெரிக்காவில் நடைபெற்ற ‘பெண்கள் நல முன்முயற்சி’ என்னும் பெரும் ஆய்வு, ஹார்மோன் சிகிச்சை பற்றிய அச்சத்தை உலகெங்கும் பரப்பியது. அவ்வாய்வின் ஒரு பிரிவில், கருப்பை அகற்றப்பட்ட 50 முதல் 79 வயது வரையிலான 10,739 பெண்கள் பங்கேற்றனர். ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்களிடையே பக்கவாதம் சற்று மிகுந்ததால் 2004இல் அப்பிரிவு நிறுத்தப்பட்டது. ஆனால் அதே பிரிவில் இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததும் பதிவாயிற்று. 50 வயதைக் கடந்தோரிடம் கண்ட தீங்கை, 35 வயதில் சினைப்பைகளை இழந்த பெண்ணுக்கு அப்படியே பொருத்திப் பார்த்தல் முறையன்று. அவருக்கு அளிக்கப்படுவது கூடுதல் ஹார்மோன் அன்று; இழந்த ஹார்மோனுக்கு ஈடு.

எலும்பு ஏற்கெனவே மெலிந்துவிட்டவர்களுக்கு வேறு மருந்துகள் உள்ளன. வாரம் ஒரு முறை உண்ணும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கு ஒரு முறை செலுத்தும் சோலெட்ரோனிக் அமில ஊசியும் அவற்றுள் முக்கியமானவை. மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு குவளை நீருடன் உண்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருத்தல் வேண்டும். தவறினால் உணவுக்குழாய் புண்ணாகும். இவற்றை மருத்துவரின் அறிவுரையின்றி உண்ணலாகாது.

எலும்பின் திண்மையை அளப்பதற்கான உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை 1994இல் வந்தது. இளம் வயதின் சராசரியிலிருந்து 2.5 அலகு அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது எலும்பு மெலிவு நோய். டெக்சா கருவி பெருநகரங்களிலேயே மிகுதியாக உள்ளது. எனினும் கருவி இல்லாத ஊரிலும் ஓர் அளவு சாத்தியம். முதுகெலும்பு நசுங்கும்போது பெண்ணின் உயரம் குறைகிறது. இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டரோ, தொடர்ந்து அளந்து வரும் காலத்தில் 2 சென்டிமீட்டரோ குறைந்தால் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சுவரில் ஒட்டிய அளவுகோலைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை எந்தச் சுகாதாரப் பணியாளரும் இதைச் செய்யலாம்.

பதிவேடே முதல் மருந்து

மேலே கூறிய அனைத்தும் ஒரு செய்தியைச் சார்ந்துள்ளன. அறுவையில் அகற்றப்பட்டது எது என்பதே அச்செய்தி. கருப்பை மட்டுமா, ஒரு சினைப்பையா, இரண்டுமா, எந்த வயதில், எக்காரணத்தால் என்ற ஐந்து விவரங்கள் பெண்ணின் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனை தரும் வெளியேற்றச் சீட்டில் இவை ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாக இருந்தால் பெண்ணுக்குப் பயனில்லை. தங்கவயலில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் கலந்து வாழ்கின்றனர். அவரவர் மொழியில் அரைப் பக்கத்தில் எழுதிய ஓர் அட்டை, தாய் சேய் நல அட்டையைப் போல், அவருடன் செல்ல வேண்டும். அதில் எலும்பைப் பரிசோதிக்க வேண்டிய ஆண்டும் குறிக்கப்படலாம்.

இரண்டாவதாக, மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு மருத்துவமனைகள் அனுப்பும் அறிக்கையில் சினைப்பைகளின் நிலை தனிப் பத்தியாக இடம்பெறலாம். காப்பீட்டுத் திட்டங்களின் கீழ் அறுவைக்குப் பணம் வழங்கும்போதே இவ்விவரத்தைக் கேட்டுப் பெறுதல் எளிது. அறுவைக்கு முன், சினைப்பைகளைக் காத்துவைக்க இயலுமா என்பது பெண்ணுக்கு விளக்கப்பட்டதற்கான சான்றும் அதனுடன் சேரலாம்.

மூன்றாவதாக, ஆஷா பணியாளர்களின் வீட்டுப் பதிவேடு பேறுகாலத்தோடு நின்றுவிடாமல், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் இவ்வறுவை பற்றிய ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர்கள் ஏற்கெனவே பட்டியல் எடுக்கின்றனர். கூடுதல் செலவு மிகச் சிறிது.

செலவைப் பற்றி நிர்வாகிகள் எண்ணுவது இயல்பு. இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெண்ணுக்கு அறுவைச் செலவோடு கணக்கு முடிவதில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ பெங்களூர் ரயிலில் ஏறாமல் வீட்டில் தங்க நேர்கிறது. குடும்பத்தின் மற்றொரு வருவாயும் நிற்கிறது. முறிவுக்குப் பின் பலர் முன்போல் நடப்பதில்லை. இத்தனைக்கும் எதிரே வைத்தால், ஓர் அட்டையும் ஓர் அளவுகோலும் கேழ்வரகும் பாலும் பெருஞ்செலவாகா.

மருத்துவமனையில் தையல் பிரிக்கும் நாளில் அறுவையின் கணக்கு முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. எலும்பின் கணக்கோ அன்றுதான் தொடங்குகிறது. பாறையைத் துளைத்தவனின் நுரையீரலில் நிகழ்ந்ததை இருபது ஆண்டு ஏடுகளைப் புரட்டி அறிந்த ஊர் கோலார் தங்கவயல். அதே பொறுமையும் அதே ஒழுங்கும் அவ்வூர்ப் பெண்களுக்காகவும் நாட்டின் பிற ஊர்ப் பெண்களுக்காகவும் கையாளப்படுமாயின், முதுமையில் நிமிர்ந்து நடக்கும் பெண்களின் தொகை பெருகும். அறுவைக் கூடத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அந்த அரைப் பக்க அட்டை இருக்கச் செய்வதே அதற்கான முதற்படி.